இரண்டு கேரவன் வாங்கினால் விமான நிறுவனம் ஆகிவிடுமா?

நீங்கள் தண்டர் பேயில் கணக்காளர். வடமேற்கு ஒன்டாரியோவில் சாலை போகாத மூன்று ஃபர்ஸ்ட் நேஷன் (பூர்வகுடி) சமூகங்களுக்குக் கணக்கு பார்க்கிறீர்கள். அவற்றின் ஆட்சி மன்றங்களான மூன்று பேண்ட் கவுன்சில்களும் சேர்ந்து இரண்டு செஸ்னா கேரவன் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானங்களை வாங்கிச் சொந்தமாக விமான நிறுவனம் தொடங்கலாமா என்று பேசுகின்றன. எவ்வளவு பணம் ஆகும், எத்தனை மாதம் ஆகும், அரசு எவ்வளவு தரும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: "முடியும் என்று அவர்களிடம் நம்பிச் சொல்லலாமா?" சொல்லலாம். கனடாவில் பூர்வகுடி மக்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விமான நிறுவனங்களை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் தலைவர்கள் போட்டிருக்கும் வரிசைதான் எனக்கு இடிக்கிறது. விமானத்தில் ஆரம்பித்து வாடிக்கையாளரிடம் வருகிறார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும்.

நான் விமானப் பராமரிப்புப் பக்கத்து ஆள். ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் வடக்கே பறக்கும் சிறு நிறுவனங்களில் ஸ்பேனர் பிடித்து, பிறகு பராமரிப்புத் திட்டமிடலுக்கு வந்தவன். எஞ்சின், உதிரிபாகம், ஓடுபாதை, ஆள் பற்றாக்குறை பற்றி நான் சொல்வதை நம்பலாம். வரி, ஒப்பந்தச் சட்டம் பற்றிச் சொல்வதை ஒரு விமானச் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் முன்னோடிகள். 1975 நவம்பரில் ஜேம்ஸ் பே, வட கியூபெக் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீர்மின் திட்டத்துக்காக நிலத்தை இழந்த கிரீ மக்களுக்கும் இனுயிட் மக்களுக்கும் சேர்த்து 22.5 கோடி டாலர் இழப்பீடு. இனுயிட் பங்கை நிர்வகிக்க மாக்கிவிக் என்ற அமைப்பு 1978இல் உருவானது. அதே ஆண்டு ஏர் இனுயிட் ஒரே ஒரு பீவர் விமானத்தோடு பறக்கத் தொடங்கியது. இன்று கியூபெக்கின் வடக்கே இனுயிட் மக்கள் வாழும் நுனாவிக் பகுதியின் 14 கிராமங்களுக்கும் அதுதான் உயிர்நாடி. அந்தக் கிராமங்களுக்குத் தெற்கிலிருந்தும் சாலை கிடையாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் கிடையாது. கிரீ மக்கள் வேறு வழியில் போனார்கள். பில்லி டயமண்ட் தலைமையில் 1982இல் ஏர் கிரீபெக் தொடங்கியபோது, ஆஸ்டின் ஏர்வேஸ் என்ற பழைய நிறுவனத்தைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். கிரீ பங்கு 51 விழுக்காடு, ஆஸ்டின் பங்கு 49. ஆறு ஆண்டுகள் கழித்து, 1988இல், அந்த 49ஐயும் வாங்கி முழு உரிமையாளர்கள் ஆனார்கள்.

உங்கள் தலைவர்களிடம் ஒரே ஒரு கதை சொல்ல நேரம் இருந்தால் இந்த 51/49 கதையைச் சொல்லுங்கள். முதல் நாளிலிருந்தே பெரும்பான்மைப் பங்கு கிரீ மக்களிடம். ஆனால் இயக்கச் சான்றிதழ் எப்படி வாங்குவது, குளிரில் எஞ்சினை எப்படிக் காப்பாற்றுவது, நல்ல தலைமை விமானியை எங்கே பிடிப்பது என்ற அறிவெல்லாம் கூட்டாளியிடமிருந்து வந்தது. ஆறு வருடம் அருகிலிருந்து கற்றுக்கொண்டு, அப்புறம் கூட்டாளியை வழியனுப்பினார்கள். யூகோனில் இன்னொரு வடிவம் இருக்கிறது. ஓல்ட் குரோ என்ற, அந்தப் பிரதேசத்திலேயே சாலை இல்லாத ஒரே சமூகத்தின் வுன்டுட் க்விச்சின் மக்கள், ஏர் நார்த் நிறுவனத்தில் 49 விழுக்காடு வாங்கினார்கள். நடத்துவது விமானத் தொழில் தெரிந்தவர்கள், தங்கள் ஊருக்குச் சேவை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது பங்குதாரரான சமூகம். மொத்தமும் நம்முடையதாக இருந்தால்தான் பெருமை என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் நினைவுபடுத்துங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மத்திய அரசின் பூர்வகுடிக் கொள்முதல் திட்டங்களில் தகுதி பெறக் குறைந்தது 51 விழுக்காடு பூர்வகுடி உரிமை வேண்டும். ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, 2021இல் அரசு ஒப்பந்தங்களின் மதிப்பில் குறைந்தது 5 விழுக்காடு பூர்வகுடி நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்தக் கதவு உங்களுக்கு முக்கியம். அதனால் ஏர் நார்த் வடிவத்தைவிட ஆரம்பகால ஏர் கிரீபெக் வடிவமே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆனால் அவர்களுக்கு இருந்தது உங்களுக்கு இல்லை. ஏர் இனுயிட்டும் ஏர் கிரீபெக்கும் இழப்பீட்டுப் பணத்தின் மேல் நின்று எழுந்தவை. ஒன்டாரியோவின் வடக்கில் பெரும்பகுதி பூர்வகுடி மக்களோடு அரசு 1905இல் போடத் தொடங்கிய ஒன்பதாம் உடன்படிக்கையின் கீழ் வருகிறது. அதில் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு டாலர் என்று எழுதியிருக்கிறது. இன்றும் அதே நான்கு டாலர்தான். (இதைச் சொன்னால் நம் ஆட்கள் பலர் நம்ப மாட்டார்கள்.) மூலதனம் இல்லாத இடத்தில் கடன் வாங்கலாம் என்றால், இந்தியர் சட்டம் என்று பெயர் கொண்ட, பூர்வகுடி மக்களுக்கான கனடாச் சட்டத்தின் 89ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ரிசர்வில், அதாவது சமூகத்துக்கென ஒதுக்கிய நிலத்தில், இருக்கும் பேண்டின் சொத்தை வெளியாள் அடமானம் பிடிக்க முடியாது. மக்களைக் காப்பாற்ற வந்த விதிதான், ஆனால் வங்கி மேலாளர் அதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார். தனியே பதிவுசெய்த நிறுவனத்துக்கு இந்தத் தடை அப்படியே பொருந்தாது. விமானத்தையே ஈடாக வைத்துக் கடன் தருபவர்களும் உண்டு. இது உங்கள் துறைக்கு அருகில் வரும் விஷயம், ஆகவே இதற்கு மேல் நான் நீட்டவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கி, உறுப்பினர் சமூகங்களுக்குக் கடன் திரட்டித் தரும் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் ஃபைனான்ஸ் அத்தாரிட்டியில் உங்கள் மூன்று சமூகங்களும் உறுப்பினரா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். அரசு மானியங்களைப் பொறுத்தவரை, பூர்வகுடி நிதி நிறுவனங்கள் வழியாக வரும் உதவி வணிகத் திட்டம் எழுதவும், முதல் தவணை கட்டவும் கைகொடுக்கும். அதை வைத்து விமானம் வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இப்போது வருமானம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சாலை இல்லாத ஊருக்குப் பறக்கும் விமானத்தில் தன் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்துச் சீட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மிகக் குறைவு. சூ லுக்அவுட் மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி, தண்டர் பேயில் பல் பிடுங்கிவிட்டுத் திரும்பும் சிறுவன், அவனோடு போகும் பாட்டி: இவர்களுடைய பயணத்துக்குப் பணம் கட்டுவது மத்திய அரசின் காப்பீடு சாராச் சுகாதார நலத்திட்டம். வகுப்பெடுக்கப் போகும் ஆசிரியருக்குக் கல்வி ஆணையம், செவிலியருக்குச் சுகாதாரத் துறை, மின்கம்பம் பார்க்கப் போகிறவருக்கு மின் நிறுவனம். ஆக உங்கள் உண்மையான வாடிக்கையாளர்கள் ஏழெட்டு அலுவலகங்கள். அவர்களில் மூன்று பேர் எழுத்தில் கையெழுத்துப் போட்டால் உங்களிடம் ஒரு தொழில் இருக்கிறது. போடாவிட்டால் இரண்டு விமானமும் கடனும்தான் இருக்கும்.

அந்தக் கையெழுத்து தானாக வராது. உங்கள் சமூகங்களின் மருத்துவப் பயணத்தை யார் முன்பதிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். சில இடங்களில் சமூகமே, அல்லது அவர்களின் பழங்குடிக் கூட்டமைப்பே ஒப்பந்தம் போட்டு அந்தப் பணத்தை நிர்வகிக்கிறது. அப்படியிருந்தால் பாதி வேலை முடிந்தது, சீட்டு வாங்கும் கையும் விற்கும் கையும் ஒரே உடம்பில். வெளியிலிருந்து முன்பதிவு நடக்கிறதென்றால், பல ஆண்டுகளாகப் பழகிய நிறுவனத்தை விட்டு உங்களிடம் வர அந்த அலுவலருக்குக் காரணம் வேண்டும். நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் மெடிவாக் வேலை இன்னும் கடினம். ஒன்டாரியோவில் அதை ஆர்ஞ்ச் என்ற விமான ஆம்புலன்ஸ் நிறுவனம் நடத்துகிறது. அவசரமில்லாத நோயாளிகளைத் தனியார் விமானங்களுக்கு முன்கூட்டியே போட்ட நிலை ஒப்பந்தத்தில் கொடுக்கிறது. அதில் நுழைய மருத்துவப் பணியாளர், கருவி, இருபத்து நான்கு மணி நேரத் தயார்நிலை எல்லாம் வேண்டும். முதல் வருடத்திலேயே அதைத் தொட வேண்டாம்.

சரக்கு? நிறைய இருக்கிறது, ஆனால் அதன் சாவி உங்களிடம் இல்லை. 2011 முதல் நடக்கும் நியூட்ரிஷன் நார்த் திட்டத்தில் உணவுக்கான மானியம் பெரும்பாலும் கடைக்காரருக்குப் போகிறது, விமான நிறுவனத்துக்கு அல்ல. எந்த விமானத்தில் ஏற்றுவது என்பது கடைக்காரரின் முடிவு. வடக்கில் பெரிய கடைக்காரரான நார்த் வெஸ்ட் கம்பெனி 2017இல் நார்த் ஸ்டார் ஏர் என்ற விமான நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. தன் பால் பாக்கெட்டைத் தன் விமானத்தில் ஏற்றாமல் உங்களிடம் ஏன் தருவார்கள்? உங்கள் மூன்று ஊர்களில் சமூகமே நடத்தும் கடை இருந்தால் மட்டும் சரக்கைக் கணக்கில் சேருங்கள்.

போட்டியையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியில் ஏற்கெனவே வசாயா ஏர்வேஸ் இருக்கிறது. அதிலும் வடமேற்கு ஒன்டாரியோவின் பல ஃபர்ஸ்ட் நேஷன்கள் சேர்ந்து பங்கு வைத்திருக்கின்றன. வின்னிபெக்கைச் சேர்ந்த எக்ஸ்சேஞ்ச் இன்கம் கார்ப்பரேஷன், பெரிமீட்டர், காம் ஏர், பேர்ஸ்கின் என்று வடக்கத்திய நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறது. 2025இல் இனுயிட் உரிமையில் இருந்த கனேடியன் நார்த் நிறுவனத்தையும் சுமார் 20 கோடி டாலருக்கு வாங்கியது. பூர்வகுடி உரிமை என்பது ஒருமுறை கிடைத்தால் என்றும் நிலைக்கும் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் சமூகங்கள் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதும்போது, யாராவது ஒருவர் விலக விரும்பினால் பங்கை முதலில் மற்ற இருவருக்குத்தான் தர வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்து, கேரவன். நல்ல விமானம். எளிய எஞ்சின், அகலமான சரக்குக் கதவு, கரடுமுரடான ஓடுபாதையைத் தாங்கும் கால்கள். ஒன்டாரியோ அரசு வடக்கே 29 தொலைதூர விமான நிலையங்களை வைத்திருக்கிறது. பெரும்பாலானவை சுமார் 3,500 அடிச் சரளைக்கல் ஓடுபாதைகள். கேரவன் அதில் சுகமாக இறங்கும். ஆனால் ஒற்றை எஞ்சின். கனடாவின் வணிக விதிகளில் அது 703 என்ற ஏர் டாக்ஸி பிரிவில், அதிகபட்சம் ஒன்பது பயணிகளோடு பறக்கும். சுரங்க நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் ஊழியர்களை ஒற்றை எஞ்சினில் ஏற்றுவதில்லை. இரண்டு எஞ்சின், இரண்டு விமானி வேண்டும் என்பார்கள். வடக்கில் நல்ல காசு சுரங்கச் சார்ட்டரில்தான், அதாவது சுரங்கங்கள் மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் விமானங்களில்தான், இருக்கிறது. ஏர் கிரீபெக் போன்றவை இரட்டை எஞ்சின் டேஷ் 8 விமானங்களை வைத்திருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. எனவே "கேரவனா வேறா" என்ற கேள்வியை மெக்கானிக்கிடம் கேட்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். மருத்துவப் பயணம் மட்டும்தான் என்றால் கேரவன் போதும். சுரங்கமும் மனதில் இருந்தால் கிங் ஏர் 200 அல்லது பீச் 1900 போன்ற இரட்டை எஞ்சின் விமானங்கள் பக்கம் போக வேண்டும். செலவும் ஆள்பலமும் அங்கே வேறு மட்டம்.

சட்டத்தில் உறுதியான விஷயங்கள் இவை. இரண்டு இடத்தில் அனுமதி வேண்டும். ட்ரான்ஸ்போர்ட் கனடா தருவது இயக்கச் சான்றிதழ். இவர்களால் பாதுகாப்பாகப் பறக்க முடியுமா என்று அங்கே பார்ப்பார்கள். கனேடியன் ட்ரான்ஸ்போர்டேஷன் ஏஜென்சி தருவது உள்நாட்டு உரிமம். கனடியர் உரிமையும் கட்டுப்பாடும் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்பது அங்கே கேள்வி. நாற்பது இருக்கையோ அதற்கு மேலோ உள்ள விமானங்களை இயக்குபவர்கள் தொண்ணூறு நாள் செலவுக்கான பணத்தைக் கையில் காட்ட வேண்டும் என்ற நிதிச் சோதனை உண்டு. சிறு விமானத்துக்கு அது கிடையாது. இதைக் கேட்டு உங்கள் தலைவர்கள் மகிழ்வார்கள். நீங்கள் மகிழ வேண்டாம். விதி கேட்காவிட்டாலும் அந்தத் தொண்ணூறு நாள் கணக்கை நீங்களே போட்டு, அதை இரட்டிப்பாக்குங்கள். வடக்கில் அரசு அலுவலகங்கள் பில்லுக்குப் பணம் தரும் வேகம் உங்களுக்கே தெரியும். காப்பீட்டுக்குச் சட்டக் குறைந்தபட்சம் உண்டு: பயணிகளுக்கு இருக்கைக் கணக்கில் ஒரு தொகை, மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கு விமானத்தின் எடைக்கேற்ப ஒரு தொகை. இவை காப்பீட்டுத் தொகைகள், பிரீமியம் அல்ல. ஒப்பந்தம் தருபவர்கள் இதைவிடப் பல மடங்கு கேட்பது வழக்கம். புதிதாகத் தொடங்குபவருக்குப் பிரீமியம் கசக்கும். இன்னொன்று: உரிமம் கையில் வராமல் ஒரு சீட்டைக்கூட விற்கக் கூடாது, விற்பதாக விளம்பரமும் செய்யக் கூடாது. பேண்ட் அலுவலக வாசலில் உற்சாகமாக ஒட்டும் அறிவிப்பும் இதில் சேரும்.

பணம் எவ்வளவு என்பதற்கு இனி வருவது என் மதிப்பீடு, விதி அல்ல. புதிய கிராண்ட் கேரவன் மூன்று மில்லியன் அமெரிக்க டாலருக்கு அருகில். பழையது மலிவு, ஆனால் எஞ்சினில் மீதமிருக்கும் மணிநேரத்தைப் பார்த்துத்தான் அதை மலிவு என்று சொல்ல வேண்டும். அதன் பிடி6 எஞ்சினுக்கு வழக்கமாக 3,600 மணிநேரத்தில் பெரிய பழுதுபார்ப்பு. அது பல லட்சம் டாலர். விமானம் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையைத் தனிக்கணக்கில் ஒதுக்கி, தலைவர் கேட்டாலும் தொடாமல் வைத்திருக்கத் தெரிந்தால் அந்தப் பழுதுபார்ப்பு வரும் நாள் சாதாரண நாள். தெரியாவிட்டால் அன்றைக்கே கடை மூடும். சிறு நிறுவனங்கள் விழுந்ததை நான் பார்த்தவரை, பயணி இல்லாமல் விழுந்ததைவிட எஞ்சின் ஒதுக்கீட்டை எடுத்துச் சம்பளம் போட்டு விழுந்ததுதான் அதிகம். அப்புறம், வெப்பமூட்டிய ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை. மைனஸ் 40இல் வெளியே நின்ற விமானத்தைக் காலையில் கிளப்புவது எப்படி என்று யாராவது உங்களுக்கு எளிதாகச் சொன்னால், அவர் அதைச் செய்ததில்லை. திட்டத்தில் ஹேங்கர் இல்லையென்றால் திட்டமே இல்லை. மூன்றாவது விமானம் இல்லாவிட்டால் அவசரத்துக்கு வாடகைக்குத் தருபவரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் வேண்டும், ஏனென்றால் இரண்டில் ஒன்று எப்போதும் பழுதுபார்ப்பில்தான் நிற்கும்.

ஆட்களைப் பற்றி. இயக்க மேலாளர், தலைமை விமானி, பராமரிப்புப் பொறுப்பாளர் ஆகிய மூவரையும் ட்ரான்ஸ்போர்ட் கனடா பெயர் பெயராகப் பார்த்துத் தகுதி சரிபார்க்கும். இந்த மூவர் கிடைக்கும் தேதிதான் உங்கள் நிறுவனத்தின் உண்மையான தொடக்கத் தேதி. இளம் விமானிகள் வடக்கே வருவது மணிநேரம் சேர்க்க. சேர்ந்ததும் பெரிய நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. 2022 டிசம்பர் முதல் சிறு நிறுவனங்களுக்கும் வந்த புதிய பணிநேர, ஓய்வு விதிகளால் முன்பு ஒருவர் பறந்த வேலைக்கு இப்போது கூடுதல் ஆள் தேவைப்படுகிறது. பழைய ஆட்கள் சொல்லும் விமானி எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்டகால மருந்து ஒன்றுதான்: ஊர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது. ஒன்டாரியோவின் டையன்டினாகா மோஹாக் பகுதியில் உள்ள ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் பூர்வகுடி மாணவர்களுக்கென்றே விமானிப் பயிற்சி நடத்துகிறது. இன்றே இரண்டு பேரை அனுப்பினாலும் அவர்கள் கேப்டன் இருக்கையில் உட்காரப் பல வருடம் ஆகும். அதனால்தான் இன்றே அனுப்பச் சொல்கிறேன். டிஸ்பாட்ச், சரக்கு ஏற்றும் வேலை, நிலைய முகவர், ஓடுபாதைப் பராமரிப்பு இவற்றுக்கு முதல் நாளிலிருந்தே ஊர்க்காரர்கள் போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் ஏர் டாக்ஸி பிரிவைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டது. நாட்டின் வணிக விமான விபத்து மரணங்களில் பெரும்பங்கு இந்தச் சிறு விமானங்களில்தான் நடக்கிறது. 2015 டிசம்பரில் உங்கள் பக்கத்துப் பிக்கிள் லேக்கிலிருந்து சரக்கோடு கிளம்பிய ஒரு கேரவன், பனிபடிதல் முன்னறிவிக்கப்பட்டிருந்த வானத்தில் பறந்து விழுந்தது. தனியாக இருந்த விமானி இறந்தார். கேரவனின் இறக்கையில் பனி ஒட்டினால் அது சீக்கிரமே வேகத்தை இழக்கும், இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் கிளம்புகிறார்கள்? சரக்கு காத்திருக்கிறது, நேற்றும் இப்படித்தான் போனோம், முடியாது என்று சொன்னால் பெயர் கெடும். சமூகமே உரிமையாளராக இருந்தால் இந்த அழுத்தம் குறையாது, கூடும். இறுதிச் சடங்குக்குப் போக வேண்டிய குடும்பம் முனையத்தில் உட்கார்ந்திருக்கும், கவுன்சிலர் தொலைபேசியில் இருப்பார், விமானிக்கு இருபத்து நான்கு வயது. "போகவில்லை" என்று விமானி சொன்னால் அதைத் தலைமைச் செயல் அதிகாரியோ தலைவரோ மாற்ற முடியாது என்று நிறுவனத்தின் விதியில் எழுதி, மூன்று தலைவர்களும் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். எழுதி அலமாரியில் வைத்தால் போதாது.

இதே தலைவலியின் இன்னொரு முகம்தான் கட்டணம். ஊர்மக்கள் கேட்பார்கள்: நம்முடைய விமானம்தானே, ஏன் இவ்வளவு விலை? நியாயமான கேள்வி. மூத்தவர்களுக்குச் சலுகை, ஹாக்கிப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவசம், துக்க வீட்டுக்குத் தனி விமானம் என்று ஒவ்வொன்றும் நல்ல காரியம். எல்லாம் சேர்ந்தால் எஞ்சின் ஒதுக்கீடு காலி. நான் பார்த்ததில் ஓரளவு வேலை செய்த வழி இது: நிறுவனம் எல்லோருக்கும் முழுக் கட்டணம் வாங்கட்டும். சலுகை தர விரும்பினால் பேண்ட் கவுன்சில் தன் பட்ஜெட்டிலிருந்து அந்தச் சீட்டுக்குப் பணம் கட்டட்டும். அப்போது தாராளத்தின் விலை ஒவ்வொரு மாதமும் கவுன்சில் கணக்கில் கண்ணுக்குத் தெரியும். இயக்குநர் குழுவில் தேர்தலில் நிற்பவர்கள் பெரும்பான்மையாக இருக்கக் கூடாது. அமெரிக்கப் பூர்வகுடி நிறுவனங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹார்வர்ட் ஆய்வுத் திட்டத்தின் கார்னெல், கால்ட் என்ற இரு ஆய்வாளர்களும் கண்டதும் இதுதான்: அரசியலிலிருந்து பிரித்து வைத்த குழு நடத்தும் நிறுவனங்கள் லாபத்தில் இருக்கும் வாய்ப்பு கூடுதல். கணக்காளர் என்ற முறையில் இதை நீங்கள் சொன்னால் எடுபடும். நான் சொன்னால் வெளியாள் உபதேசம்.

நீண்டகாலக் கணிப்பில் எனக்கு உறுதி குறைவான ஒரு பகுதி சாலை. ரிங் ஆஃப் ஃபயர் கனிமப் பகுதிக்கு எல்லாப் பருவச் சாலை போடும் முயற்சியில் மார்டன் ஃபால்ஸ், வெபிக்வீ சமூகங்களே முன்னின்று ஆய்வு நடத்துகின்றன. அந்தச் சாலையோ அதன் கிளையோ உங்கள் ஊர்களைத் தொட்டால் பயணிகளும் சரக்கும் ஒரே ஆண்டில் பாதியாகலாம். மறுபக்கம், குளிர்காலப் பனிச்சாலைகள் முன்பைவிடத் தாமதமாகத் திறந்து சீக்கிரம் உருகுவதால் விமானச் சரக்கு கூடுகிறது. எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், கடனை விமானத்தின் ஆயுளுக்கு நீட்டாமல் குறுகிய காலத்துக்கு வாங்குவேன் நான்.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால்? முதல் ஆண்டு விமானமே வாங்க மாட்டேன். மூன்று சமூகங்களும் சேர்ந்து ஒரு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை நிறுவனம் பதிவுசெய்து, ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவரிடம் வாரத்துக்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு விமானத்தை மொத்தமாகச் சார்ட்டர் எடுத்து, தங்கள் மருத்துவ, கல்விப் பயணங்களை அதில் நிரப்பிப் பார்க்கச் சொல்வேன். சீட்டு விற்பனை உரிமக்காரரின் பெயரில் நடக்கட்டும். இதற்குத் தேவைப்படுவது விமானத்தின் விலையில் ஒரு சிறு பகுதி. எந்த நாளில் எத்தனை பேர், எவ்வளவு கிலோ, எந்த அலுவலகம் எத்தனை நாளில் பணம் கட்டியது என்ற ஒரு வருடப் பதிவு உங்கள் கையில் இருக்கும். வங்கியும் கூட்டாளியும் கேட்கப்போவது அதைத்தான். இருக்கை நிரம்பினால் அந்த உரிமக்காரரிடமே, அல்லது அவருடைய போட்டியாளரிடம், 51/49 பேச்சைத் தொடங்கலாம். ஐந்தாறு வருடத்தில் மீதியை எந்த விலைச் சூத்திரத்தில் வாங்குவது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சொந்தச் சான்றிதழ்தான் வேண்டும் என்று தலைவர்கள் பிடிவாதமாக இருந்தால், விண்ணப்பத்திலிருந்து முதல் பறப்பு வரை ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றே திட்டமிடுங்கள். அத்தனை மாதமும் அந்த மூன்று மேலாளர்களுக்குச் சம்பளம் போக வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று சமூகங்களின் கடந்த இரண்டு ஆண்டுப் பயணச் செலவை, யார் பணம் கட்டினார்கள் என்று பிரித்து ஒரே தாளில் எடுங்கள். மருத்துவம், கல்வி, கவுன்சில் பயணம், கட்டுமான வேலை, சொந்தக் காசு. அந்தத் தாளை இங்கே போட்டால், பெயர்களை எடுத்துவிட்டுப் போடுங்கள், கேரவன் ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று எண்ணோடு பேசலாம்.